தயக்கம் உயிரைக் குடிக்கும்



காது, மூக்கு, தொண்டை நோய்களைச் சிறியவை என்று எண்ணுவது நம் வழக்கம். ஒருநாள் கூலி போய்விடுமே என்று பொறுத்திருக்கிறோம். பல வேளைகளில் அப்பொறுமையால் தீங்கில்லை. ஆனால், பொறுக்கவே கூடாத நிலைகளும் உண்டு. அவற்றைப் பிரித்தறிதலும் கல்வியே.

குழந்தை விழுங்கிய பொத்தான் பேட்டரி 2 மணி நேரத்திற்குள் உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கும். நாணயந்தான் என்று நாமே முடிவுகட்டிக் காத்திருத்தல் ஆகாது; எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். மூக்கிலோ காதிலோ அது சிக்கினால் எண்ணெயோ சொட்டுமருந்தோ விடலாகாது. வேர்க்கடலை புரையேறிய குழந்தைக்கு இருமல் நின்றபின்னும் மூச்சில் இரைச்சல் கேட்டால், அது மூச்சுக்குழாயில் தங்கியிருக்கலாம்.

தொண்டைவலியோடு வாய் திறக்க இயலாமல் எச்சில் வடிந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். ஒரு காது திடீரெனக் கேளாமற்போனால் சில நாட்களுக்குள் மருத்துவம் தொடங்கவேண்டும். தாமதித்தால் கேள்வித்திறன் மீளாமலே போகலாம்.

மூக்கில் இரத்தம் வடிந்தால் அண்ணாந்து பார்க்கச் செய்யாதீர்கள். முன்புறம் சாய்ந்து அமரவைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அதன்பின்னும் நிற்காவிடில் மருத்துவமனைக்கே செல்லவேண்டும்.

தோழர்களே! நம்மவர் தயங்குவதற்குக் கூலி மட்டுமே காரணமன்று. வாயிலிலேயே நிறுத்தப்பட்ட முன்னோரின் நினைவும் நம் கால்களைப் பின்னிழுக்கிறது. தீண்டாமையைக் காரணமாகக் கொண்டு மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என வழங்குவது அதுவே. ஆகவே, அரசு மருத்துவமனையில் நாம் கேட்பது சலுகையன்று, உரிமை.

அவ்வுரிமைக்குத் துணைநிற்பது படித்த இளைஞரின் கடமை. நள்ளிரவாயினும் 108ஐ அழையுங்கள்; நோயாளியுடன் செல்லுங்கள். என்ன விழுங்கினார், எந்நேரத்தில், கடைசியாக எப்போது உண்டார், என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்பவற்றை எழுதிக் கொடுங்கள். மயக்கமருந்து தரும் மருத்துவருக்கு இவை இன்றியமையாதவை. படுக்கை கிடைத்துச் சிகிச்சை தொடங்கும்வரை உடனிருங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நமக்கு எழுத்தறிவித்தது. அவ்வெழுத்து, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் கையிலுள்ள குழந்தைக்கு நள்ளிரவில் உதவுமானால், அதுவே இவ்விழாவின் பயன்.