கையைக் கட்டிக்கொண்டு சில நிமிடம்



நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டிக்குக் காது உண்டு, வாய் கிடையாது. நான் பேசுவது உங்களுக்குக் கேட்கும். "கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க" என்று நீங்கள் சொன்னால் எனக்குக் கேட்காது. காதும் வாயும் சேர்ந்த வானொலிப் பெட்டியும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு பேசுகிற பொழுதுபோக்குக்காரர்களை ஹாம் என்பார்கள். நானும் அவர்களில் ஒருவன். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வைக்கும் தேர்வை எழுதி, உரிமம் வாங்கி, ஆளுக்கொரு அழைப்புக்குறியோடு பேசுகிறோம். 12 வயது நிறைந்தவர் யாரும் அந்தத் தேர்வை எழுதலாம்.

எங்கள் பெட்டியை நாங்கள் ரிக் என்போம். உள்ளங்கையில் அடங்கிவிட்டால் அது ஹேண்டி. போன மாதம் புதிதாக உரிமம் வாங்கிய ஒரு கல்லூரி மாணவர் எனக்குப் போன் செய்தார். "சார், என் ஹேண்டிக்கு ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருக்காம். போடலாமா?" போடலாம், வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடிய வேண்டிய பேச்சு, முக்கால் மணி நேரம் நீண்டது. அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டில் ஹாம் ரேடியோ இல்லாமல் இருக்கலாம். ஆனால் அப்டேட் கேட்டு நச்சரிக்கிற கைப்பேசியோ தொலைக்காட்சிப் பெட்டியோ நிச்சயம் இருக்கும்.

முதலில் ஃபர்ம்வேர் என்றால் என்ன? கையால் தொட முடிகிற பாகங்கள் வன்பொருள். கணினியில் ஏற்றி இறக்குகிற கட்டளைகள் மென்பொருள். இரண்டுக்கும் நடுவில், கருவிக்குள்ளேயே குடியிருக்கும் கட்டளைத் தொகுப்பு ஒன்று உண்டு. 1967இல் ஆஷர் ஓப்ளர் என்பவர் ஒரு கணினிப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் அந்த நடுப்பிள்ளைக்கு ஃபர்ம்வேர் என்று பெயர் வைத்தார். தமிழில் நிலைபொருள் என்கிறோம்.

பழைய ரேடியோவில் குமிழைத் திருகினால் உள்ளே இருக்கிற கேங் கண்டென்சரின் தகடுகள் நிஜமாகவே நகரும். நிலையம் மாறும். விரலுக்கும் அலைவரிசைக்கும் நடுவில் வேறு ஆள் இல்லை. இன்றைய ரிக்கில் அப்படி இல்லை. நீங்கள் குமிழைத் திருகுவது ஒரு விண்ணப்பம் மாதிரி. அதை வாங்கிப் படித்து, "சரி, இத்தனை மெகாஹெர்ட்ஸுக்குப் போ" என்று உத்தரவு போடுவது நிலைபொருள். அதனால்தான் அதை மாற்றி எழுதினால், ஒரு திருகாணியைக் கூடத் தொடாமல், அதே பெட்டிக்குப் புதுக் குணம் வந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் இப்படி மாற்றி எழுதுவது லேசான வேலையாக இல்லை. 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் என்ற பொறியாளர், எழுதியதை அழித்து மறுபடி எழுதக்கூடிய ஒரு சிப்பை உருவாக்கினார். அதன் முதுகில் குட்டியாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளியைக் காட்டினால்தான் உள்ளே எழுதியிருப்பது அழியும். தவறி ஒளி பட்டுவிடக் கூடாது என்று ஜன்னல்மேல் ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டி வைப்பார்கள். அந்தத் தலைமுறை ரிக்கில் நிலைபொருளை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து சிப்பையே கழற்றி மாற்ற வேண்டும்.

பிறகு 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசூவோகா ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். அதில் இருப்பது மொத்தமாக, ஒரே அடியில் அழிவதைப் பார்த்த அவருடைய சக ஊழியருக்குக் கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சம் நினைவுக்கு வந்ததாம். அப்படி வந்த பெயர் அது. இன்று உங்கள் பென் டிரைவிலும் என் ரிக்கிலும் இருப்பது இந்த நினைவகம்தான்.

நேயர்களே, "ஒரே அடியில் அழிவது" என்றேனே, அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் போடும்போது ரிக் பழைய நிலைபொருளை அழிக்கிறது, அந்த இடத்தில் புதியதை எழுதுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே சில நிமிடம், பழையதும் இல்லை, புதியதும் முழுதாக இல்லை. மயக்க ஊசி போட்டு அறுவை மேஜையில் படுத்திருக்கும் நிலை அது. அந்த நேரத்தில் மின்சாரம் போனாலோ, கேபிள் அசைந்தாலோ, ரிக்குக்குத் தான் யார் என்றே தெரியாமல் போய்விடும்.

இப்போது இரண்டு ரிக்குகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஜப்பானின் ஐகாம் நிறுவனத்தின் ஐசி-705. 2020இல் விற்பனைக்கு வந்தது. பேட்டரியோடு சேர்த்தால் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதல். தோள்பையில் போட்டுக்கொண்டு மலை ஏறலாம். பேட்டரியில் ஓடும்போது இதன் ஒலிபரப்புத் திறன் 5 வாட். உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு கூட 9 வாட் இருக்கும். சிற்றலையில் நிலைமை வாய்த்தால் அந்த 5 வாட் கடல் தாண்டிப் போகும்.

இதற்கு நிலைபொருள் போடக் கேபிள் தேவையில்லை. கைப்பேசியில் போடுகிற அதே மைக்ரோ எஸ்டி கார்டு போதும். முதல் வேலை, ரிக்கில் நீங்கள் சேர்த்து வைத்த அலைவரிசைகள், அமைப்புகள் எல்லாவற்றையும் அந்தக் கார்டில் சேமிப்பது. பிறகு நிறுவனத்தின் தளத்திலிருந்து கோப்பை இறக்க வேண்டும். அது சுருக்கிக் கட்டிய பொட்டலமாக வரும். கட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் கோப்பைக் கார்டில் ரிக்கின் பெயரிலேயே இருக்கிற கோப்புறையில் வைக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டு, "ரிக்குக்குக் கோப்பே தெரியவில்லை" என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். கார்டைச் செருகி, பட்டியலில் நிலைபொருள் புதுப்பித்தலைத் தொட்டால் எச்சரிக்கை வாசகம் வரும். அதைப் படித்துவிட்டு, ஆம் என்ற பொத்தானை ஒரு நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விரல் தெரியாமல் பட்டுத் தொடங்கிவிடக் கூடாது என்றுதான் அந்த ஒரு நொடி. அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். முடிந்ததும் ரிக் தானே மறுபடி எழுந்து நிற்கும்.

இரண்டாவது, சீனாவின் குவான்ஷெங் யுவி-கே5. சட்டைப்பையில் அடங்கும் மலிவான ஹேண்டி. இதன் கதை சுவாரசியமானது. இதன் உள்ளே நிலைபொருளுக்கு இருக்கும் இடம் ஏறக்குறைய 60 கிலோபைட். காலையில் உங்களுக்கு வருகிற வணக்கப் படம் ஒன்று அதைவிடப் பெரிதாக இருக்கும். 2023 வாக்கில் உலகெங்கும் இருக்கிற ஆர்வலர்கள் இந்த ஹேண்டியின் நிலைபொருளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து, தாங்களே புதிதாக எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்தார்கள். அக்கம்பக்கத்து அலைவரிசைகளில் எங்கெல்லாம் பேச்சு நடக்கிறது என்று வரைபடமாகக் காட்டும் வசதி அதில் வந்தது. நிறுவனம் கொடுத்த நிலைபொருளில் இல்லாத ஒலிமுறைகளைக் கேட்கும் வசதியும் வந்தது. ஆனால் 60 கிலோபைட் வீட்டில் புது விருந்தாளி வந்து தங்க வேண்டுமென்றால் பழைய ஆள் யாராவது பெட்டியைக் கட்ட வேண்டும். சிலர் தொகுத்த பதிப்பில் எஃப்.எம். வானொலி கேட்கும் வசதி வெளியே போய்விட்டது. அப்டேட் என்றால் கூடுவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். குறைவதும் உண்டு.

இந்த ஹேண்டிக்கு இரண்டு முள் கொண்ட தனிக் கேபிள் வேண்டும். முதலில் வந்தவற்றில் பக்கவாட்டில் இருக்கிற யுஎஸ்பி துளை சார்ஜ் ஏற்ற மட்டும்தான். தகவல் அதன் வழியாகப் போகாது. பேசும் பொத்தானைப் பிடித்துக்கொண்டே ஹேண்டியை இயக்கினால் திரை இருட்டாகவே இருக்க, தலையில் உள்ள டார்ச் விளக்கு மட்டும் எரியும். "எழுது, நான் தயார்" என்று அர்த்தம். கேபிளின் முள்ளை ஒரு அழுத்து அழுத்திக் கடைசிவரை செருக வேண்டும். பாதியில் நின்றால் ஒன்றும் நடக்காது. இன்னொன்று. ஒவ்வொரு ஹேண்டிக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து பதித்த சீரமைப்பு எண்கள் உள்ளே இருக்கும். அடுத்த வீட்டுக்காரர் கண்ணாடி நமக்குப் பொருந்தாத மாதிரி, ஒன்றின் எண்கள் இன்னொன்றுக்குச் சரிவராது. வேலையைத் தொடங்கும் முன் அந்த எண்களைக் கணினியில் நகல் எடுத்து வைப்பது நல்லது.

இவ்வளவு சொல்கிற நான் ஒழுங்கா என்றால், இல்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் நண்பர் குழு ஏற்காட்டுக்கு ரிக்குகளோடு போவதாக ஏற்பாடு. முந்தின நாள் இரவு, என் ரிக்குக்குப் புது நிலைபொருள் வந்திருப்பது கண்ணில் பட்டது. பழையதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சும்மா இருக்க முடியவில்லை. கேபிளைச் செருகி வேலையைத் தொடங்கிவிட்டு, சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால், ஆள் தொடவில்லையே என்று மடிக்கணினி தூங்கப் போயிருந்தது. அது தூங்கியதும் கேபிளில் தகவல் ஓடுவதும் நின்றுவிட்டது. ரிக்கை அணைத்துப் போட்டேன். திரை கறுப்பு. மறுபடி போட்டேன். கறுப்புதான். மறுநாள் மலையில் நண்பர்கள் எல்லோரும் பேசினார்கள். நான் ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரிக் செத்துவிட்டது என்றே நினைத்தேன். கம்பத்தைப் பிடித்திருந்த இடத்தில் ஒரு மூத்த ஹாம் காதோடு காதாகச் சொன்னார். "தம்பி, அது சாகாது. உள்ளே பூட்லோடர்னு ஒரு வாட்ச்மேன் இருக்கான். அவனை அப்டேட் அழிக்காது. திரும்பப் போய் அவன்கிட்ட கேட்டுப் பாரு." பெரும்பாலான ரிக்குகளில் நினைவகத்தின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு கட்டளைத் தொகுப்பு தனியாக இருக்கிறது. வீடே இடிந்தாலும் வாசலில் நிற்பவன் அவன். புது நிலைபொருளை உள்ளே வாங்குவதும் அவன்தான். நெல் மூட்டை ஏற்றும்போது போட்ட கணக்கையும் இறக்கும்போது போட்ட கணக்கையும் ஒத்துப் பார்ப்பது மாதிரி, வந்தது முழுசாக வந்ததா என்று கூட்டிப் பார்க்கும் வேலையும் உண்டு. வீட்டுக்கு வந்து, மடிக்கணினியைத் தூங்க விடாமல், முதலிலிருந்து செய்தேன். திரை வெளிச்சமானது. தப்பு ரிக்கின் மேல் இல்லை, என் அவசரத்தின் மேல்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று, இந்தப் பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பைப் படிப்பது. எனக்கு வேண்டியது அதில் இல்லையென்றால் விட்டுவிடுவது. இரண்டு, கோப்பு என் ரிக்குக்கு உரியதுதானா என்று பார்ப்பது. பெயரும் உருவமும் ஒன்றாகவே இருந்து, உள்ளே சிப் மாறிய ரிக்குகள் உண்டு. மூன்று, இருப்பதை நகல் எடுப்பது. நான்கு, பேட்டரியை முழுதாக ஏற்றுவது. ஐந்து, முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, ஆனால் எதையும் தொடாமல் இருப்பது. ஐந்திலும் கஷ்டமானது இந்த ஐந்தாவதுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மாற்றி எழுதிய நிலைபொருள் சில ஹேண்டிகளில் நமக்கு அனுமதி இல்லாத அலைவரிசைகளுக்கும் கதவைத் திறந்துவிடும். இந்த ஹேண்டிகள் பேசும் ஒரு பகுதியில் நம் நாட்டு ஹாம்களுக்கு உள்ள இடம் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கொஞ்சம் கீழே, 118 முதல் 137 வரை, விமானிகள் பேசுகிற இடம். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே போகலாம் என்று ஆகிவிடாது. உரிமம் நம்முடையது. பதில் சொல்ல வேண்டியவரும் நாம்தான்.

ரிக் எந்த நேரமும் பேசும் நிலையில் இருக்க வேண்டியதற்கும் ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போன பொழுதுபோக்குப் பயணம் அது. 26ஆம் தேதி காலையில் ஆழிப்பேரலை. தொலைபேசிகள் ஊமையாகிப்போன நேரத்தில், அந்த ரிக்குகள்தான் தீவுகளின் செய்தியை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன. அப்படி ஒரு காலை எந்த நாள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அந்த மாணவருக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். "போடலாம்ப்பா. ஆனா பயணத்துக்கு முந்தின நாள் போடாதே, புயல் எச்சரிக்கை வந்த பிறகு போடாதே. ஒரு சும்மா ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போடு. போட்டதும் யாரையாவது கூப்பிட்டுப் பேசிப் பாரு."

உங்கள் கைப்பேசி அடுத்த முறை அப்டேட் கேட்கும்போது, நேயர்களே, நீங்களும் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். படங்களை நகல் எடுத்துவிட்டீர்களா என்று யோசியுங்கள். அதன் பிறகு பொத்தானை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வானொலி உரை கேளுங்கள்.