பலகைக்கு அடியில் ஈரம்

வீட்டுக்கு மரத்தரை போட நினைப்பவர்களோடு இன்று கொஞ்சம் பேச வேண்டும்.

கடையில் சில பலகைப் பெட்டிகளின் மேல், தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீட்டுக்கும் ஏற்றது என்று போட்டிருப்பார்கள். குளிர்நாடுகளில் அப்படித்தான் வீட்டைச் சூடாக்குகிறார்கள். மரத்தரையின் மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது அங்கே பொதுவான விதி. கோலாலம்பூரில் பகல் வெயிலே 32, 33 டிகிரி. குழாய் நமக்கு எதற்கு? ஆனாலும் அந்தக் குறிப்பைத் தள்ளிவிடாதீர்கள். ஈரம் ஏறினால் மரம் உப்பும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில்தான். மெல்லிய அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை அவ்வளவாக அசையாது. அந்தக் குறிப்புள்ள மரப்பலகை பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் கரையான் அரிக்காது என்றோ, அடியீரம் தாங்கும் என்றோ அது உறுதி தரவில்லை. நம் தொல்லை அந்த இரண்டும்தான்.

கிள்ளானில் ஒரு தரைவீட்டை எண்ணிப் பாருங்கள். மண்ணின் ஈரம் சிமெண்ட் வழியாக மேலே ஏறும். அறையிலோ இரவெல்லாம் ஏர்கோன். பலகையின் அடிப்பக்கம் உப்ப, மேற்பக்கம் காய்ந்து சுருங்க, இரு ஓரமும் தூக்கிக்கொள்ளும். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் எட்டாவது மாடிக்கு மண்ணீரம் வராது. அங்கே புதுச் சிமெண்ட் நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்தால் போதும்.

சோதிப்பது எளிது. பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சிமெண்டின் மேல் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர் முத்துக் கோத்தாலோ, சிமெண்ட் கறுத்தாலோ, குத்தகையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பலகையை இறக்க விடாதீர்கள்.

மரம் எது? செங்கால் மிக உறுதியானது, விலையும் அப்படியே. என் தேர்வு மெர்பாவ். 2019-இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது அது. மிகக் குறைவாகவே சுருங்கும். நனைந்தால் செம்பழுப்புச் சாயம் விடும் என்பதால், பூச்சு ஏறும்வரை தண்ணீர் படாமல் காக்க வேண்டும்.

பால்மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் எழுந்து வெட்டிய மரம். பால் வற்றி, 25, 30 ஆண்டுகளில் சாய்க்கும்போது ஒருகாலத்தில் விறகாகத்தான் போனது. இன்று மருந்தேற்றி, சூளையில் உலர்த்தி, நாற்காலியும் தரைப்பலகையும் செய்கிறார்கள். வெளிர்நிறம், பார்க்க அழகு. மாடியறைக்குத் தாராளமாகப் போடலாம். மருந்தேற்றாத பலகையில் பூசணமும் வண்டும் விரைவில் ஏறிவிடும். ஆகவே கேட்டு வாங்குங்கள். கீழ்த்தளத்துக்குப் பால்மரம் வேண்டாம்.

பலகை வந்ததும் அன்றே அடித்துவிடாமல், வழக்கம்போல் ஏர்கோன் ஓடும் அந்த அறையிலேயே சில நாள் கிடக்கட்டும். சுவரோரம் ஒரு விரல் அகலம் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளங்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அப்படித் தண்ணீர் ஏறும் பகுதியில் வீடு இருந்தால், கீழே டைல்ஸ் போடுங்கள். மர ஆசையை மாடியில் தீர்த்துக்கொள்ளலாம்.