ஒரு தேதி, பல மனிதர்

(பிப்ரவரி 4-ஆம் தேதி மாலைத் திருப்பலிக்குப் பின், பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சென்ற ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன், "சாமி, பிப்ரவரி நாலு என் பிறந்த நாள். அன்றைக்கு வேறு என்ன விசேஷம்?" என்று கேட்டான். "அருளானந்தர் திருநாள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். இரவில் சரித்திர நூல்களைப் புரட்டியபோதுதான் அந்தப் பதில் எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. அவனுக்குப் பட்ட கடனை இன்று தீர்க்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் பிறந்த நாளை நட்சத்திரம் பார்த்து, ஆடிப்பூரத்தில் தேரோட்டிக் கொண்டாடுகிறார்கள். திருச்சபையின் வழக்கம் சற்று வேறு. ஆண்டவர், தேவதாய், ஸ்நாபக அருளப்பர் ஆகிய மூவரின் பிறப்பையே நாம் திருநாளாகக் கொண்டாடுகிறோம். மற்றப் புனிதர்களுக்குப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளே விண்ணகப் பிறந்த நாள்.

அருளானந்தர் 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்தவர்; போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்து, மரக்கறி உண்டு, நம் மக்களோடு வாழ்ந்தார். 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டு வதைபட்டார். பிறகு தாய்நாடு சென்றவர், அங்கேயே தங்கியிருக்கலாம், திரும்பி வந்தார். தடியத் தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவு செய்ததால் எழுந்த பகை, அருளானந்தரை ஓரியூர் மணலுக்குக் கொண்டு சென்றது. 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்டார். அன்று விபூதிப் புதன்கிழமை! மனிதன் மண் என்று திருச்சபை நினைவூட்டும் நாளிலேயே அவர் இரத்தம் மண்ணில் விழுந்தது.

தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் மறைந்த நாளாகப் பொதுவாகக் கொள்ளப்படுவதும் 1747 பிப்ரவரி 4 தான்.

ஆனால், அதே தேதிக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1922 பிப்ரவரி 4 அன்று கோரக்பூர் மாவட்டம் சௌரி சௌராவில், போலீசார் சுட்டதால் வெகுண்ட கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் மாண்டனர். காந்தியடிகள் "அது எங்கோ நடந்தது" என்று ஒதுங்கவில்லை. நாடு முழுவதும் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். ஐந்து நாள் உண்ணாநோன்பிருந்தார். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த குமாரசாமி ராஜாவின் ஊராகிய ராஜபாளையத்துக்கு இது அந்நியக் கதை அல்ல.

1948-இல் இதே நாளில் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டத்தால், நம் தென் மாவட்டங்களிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஏழைகளின் சந்ததியார் இலட்சக்கணக்கில் நாடற்றவர் ஆயினர். கொண்டாட்டத்திலும் ஒருவர் கண்ணீர் மறைந்திருக்கிறது.

பிறந்தவர்களையும் பாருங்கள். 1906-இல் பிறந்த டீட்ரிக் போன்ஹோஃபர், ஹிட்லரை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய லூத்தரன் போதகர். 1913-இல் பிறந்த ரோசா பார்க்ஸ், அமெரிக்காவில் ஒரு பேருந்தில் வெள்ளையருக்காகத் தம் இருக்கையை விட்டு எழ மறுத்த தையல் தொழிலாளி. அந்த ஒரு மறுப்பிலிருந்து 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு கிளம்பியது.

சகோதர சகோதரிகளே, நல்ல நாள், கெட்ட நாள் என்று தேதியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அருளானந்தரும் ரோசா பார்க்ஸும் தனியாக நின்று மனச்சாட்சிக்குக் கீழ்ப்படிந்தார்கள். சௌரி சௌராவிலோ, கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைத் தொலைத்தனர். 1990-களில் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் எரிந்ததை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் கையிலும் யாராவது ஒருநாள் கல்லைக் கொடுப்பார்கள். "எல்லோரும் எறிகிறார்கள்" என்பது அன்றைக்குப் பதிலாகாது.

பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். காயம் உண்டாக்குவதும் கை. கட்டுத்துணி நெய்வதும் கை. தம்பி, உன் பிறந்த நாளின் விசேஷத்தை இனி நீதான் எழுத வேண்டும். பொன்விழாக் காணும் நம் பங்குக்கும் அதே பாடம்தான்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.