விளையாட்டுக்கு ஒரு எஞ்சின்



காலையில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, பொழுதுபோக்கா ஒரு வீடியோ கேம் பண்ணணும். எந்த எஞ்சின் நல்லது?" படம் காட்டுவது, மோதலைக் கண்டுபிடிப்பது, ஒலி எழுப்புவது என்று அடிப்படை வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்தான் எஞ்சின்.

முதல்ல உரிம விதிகளைப் படிங்க. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட வருமானத்தையும் எண்ணிக்கையையும் தாண்டிய கேம்களுக்கு, நிறுவப்படும் ஒவ்வொரு முறையும் கட்டணம் என்று அறிவித்தது. பல வருட உழைப்பை அதில் போட்டவர்கள் அரண்டுபோனார்கள். எதிர்ப்பு வலுத்து, 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டார்கள். அன்ரியலில், ஒரு கேமின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட தொகையில் பொதுவாக 5 சதவீதம் தரவேண்டும். 2014 முதல் திறந்த மூலநிரலாக உள்ள கோடோவுக்குக் கட்டணமே கிடையாது.

அடுத்து, உங்க கணினியைப் பாருங்க. அன்ரியலுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேணும். எளிய 2டி கேமுக்குக் கோடோ தாராளம். 2015-இல் டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட அண்டர்டேல், கேம்மேக்கரில் செய்ததுதான். படங்கள் எளிமையானவை, கதைக்காகவே கொண்டாடினார்கள்.

நான் மூன்று எஞ்சின் மாற்றினேன். மூன்றிலும் முதல் பாடம் எனக்கு அத்துப்படி. முடித்த கேம் ஒன்றுகூட இல்லை! அதனால் சொல்கிறேன்: ஒரே ஒரு கட்டம் உள்ள சின்ன கேமை இரண்டு எஞ்சினில் செய்து பாருங்க. கைக்கு வசப்பட்டதை வச்சுக்கிட்டு, முடிக்கிறவரை மாறாதீங்க.

தம்பி, அடுத்த சந்திப்பில் உங்க கேமை நாங்க ஆடணும்.