படலையின் திறவுகோல்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியதொரு பெட்டி. இணையத்தை வீட்டிலுள்ள தொலைபேசிகளுக்கும் கணினிகளுக்கும் கம்பியின்றிப் பகிர்ந்தளிக்கும் றவுட்டரே அது. அலுமாரியின் மேலே தூசி படிந்து கிடப்பினும், இணையவழி உள்ளே வருவனவும் வெளியே போவனவும் யாவும் அதனூடாகவே செல்கின்றன. ஆதலால் அதனை வீட்டின் படலை எனலாம். அப்படலையின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதே நமது கேள்வி.

றவுட்டரும் ஒரு சிறு கணினியே. அதனை இயக்கும்படி உள்ளே பதித்து வைத்த மென்பொருளை நிலைபொருள் என்பர். பெட்டியைச் செய்த நிறுவனம் சில ஆண்டுகள் அதனைத் திருத்தி வெளியிடும், பின்னர் கைவிட்டுவிடும். பெட்டி பழுதின்றி ஓடும். ஆனால் அதன் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. விபிஎன்பில்டர் என்னும் தீநிரல் 54 நாடுகளிலே குறைந்தது 5 இலட்சம் கருவிகளிற் புகுந்திருந்தமை 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியாயிற்று. அவற்றுட் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த றவுட்டர்களே.

இதற்கொரு பரிகாரம், நிறுவனத்தின் நிலைபொருளை நீக்கிப் பிறர் ஆக்கியதை இடுதல். அது தோன்றிய வரலாறு அறியத்தக்கது. லிங்க்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் டபிள்யூ.ஆர்.ரீ. 54 ஜீ என்னும் றவுட்டரை வெளியிட்டது. அதனுள்ளே இருப்பது லினக்ஸ் என்பதை 2003 இல் சிலர் கண்டறிந்தனர். லினக்ஸை எவரும் பயன்படுத்தலாம்; ஆனால் அதனைக் கருவியில் இட்டு விற்பவர், வாங்கியவருக்கு மூலநிரலையும் அளித்தல் வேண்டுமென்பது அதன் உரிமத்தின் விதி. அவ்விதியைச் சுட்டிக் கேட்டனர். மூலநிரலும் அவ்வாண்டே வெளிவந்தது. அதிலிருந்து 2004 இல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரீ. என்னும் கூட்டுமுயற்சி பிறந்தது. அதன் இருபதாம் ஆண்டாகிய 2024 இல், அதற்கென்றே ஆக்கிய ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரீ. வன் என்னும் றவுட்டரும் விற்பனைக்கு வந்தது. உரிமத்தை ஊன்றிப் படித்தவர் சிலரது கேள்வியால் உலகத்தார் பயன்பெற்றனர்.

இனி, பெட்டியைத் தெரிதல் எங்ஙனம்? விலையையும் அன்ரனாக்களின் எண்ணிக்கையையும் பார்த்து வாங்கலாகாது. ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரீ.யார் வெளியிடும் கருவிப் பட்டியலில் மாதிரியின் பெயரை மட்டுமன்றிப் பதிப்பு எண்ணையும் ஒப்பிடுதல் வேண்டும். முற்கூறிய றவுட்டரின் 5 ஆம் பதிப்பு 2005 இல் அதே பெயருடன் வந்தது. உள்ளேயோ லினக்ஸ் இல்லை. நினைவகமும் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. முந்திய பதிப்புகளுக்கென ஆக்கிய நிலைபொருள் அதிற் பொருந்தவில்லை. இன்று வாங்குவோர் சேமிப்பு நினைவகம் 16 மெகாபைற்றும், வேலை நினைவகம் 128 மெகாபைற்றும் உள்ளதையே நாடுதல் நன்று. இணைப்புத் தரும் நிறுவனத்துக்குச் சொந்தமான பெட்டியில் நாம் கைவைத்தல் தகாது. நமது றவுட்டரை அதன் பின்னே கம்பியால் இணைத்துக்கொள்ளலாம்.

நிலைபொருளை இடும்போது நிதானம் வேண்டும். நமது பதிப்புக்குரிய கோப்பையே இறக்கி, அதன் சரிபார்ப்பு எண்ணை ஒத்துப் பார்த்து, கம்பிவழி இணைந்து ஏற்றுக. இடையில் மின்சாரம் நின்றால் பெட்டி வெறுங் கல்லாகிவிடவும் கூடும். முடிந்ததும் முதல் வேலை கடவுச்சொல் வைத்தல். பின்னர் நாட்டின் பெயரைச் சரியாகக் குறித்து, வானலை சட்டத்துள் அடங்கச் செய்க. டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்னும் காப்பை இடுக. விருந்தினருக்குத் தனி இணைப்பு அமைக்க. தம்பி படம் இறக்கும்போது தங்கையின் இணைய வகுப்பிற் குரல் அறுந்து அறுந்து வருவதுண்டு. தரவுகள் வரிசையில் நெடுநேரம் காத்துக் கிடப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். எஸ்.கியூ.எம். என்னும் அமைப்பை நிறுவி, அளந்த வேகத்தின் 90 வீதமளவிற் குறித்தால், சிறு உரையாடலுக்கும் உரிய இடம் கிடைக்கும்.

"ஓடுகிற வண்டியை ஏன் கழற்ற வேண்டும்?" எனப் பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நிறுவனம் இன்னும் திருத்தங்களை அளிக்கும் பெட்டியாயின், அவற்றைத் தவறாது ஏற்றுதலே பலருக்குப் போதும். பிறர் நிலைபொருளை இட்டுவிட்டு மூன்றாண்டு திரும்பிப் பாராதவனும், கைவிடப்பட்ட பெட்டியை வைத்திருப்பவனும் ஒரே நிலையினரே.

இளைஞர்களே, இங்கேதான் நம் கடமை பெரிது. பெட்டியைத் திருத்துபவர் நாம். படிப்புக்கென்றும் தொழிலுக்கென்றும் ஊரைவிட்டுப் போகிறவர்களும் நாமே. கடவுச்சொல் நம் தலைக்குள்ளே போய்விட்டால், பிள்ளையின் முகத்தை அதன்வழியே காணும் தாய் தந்தையர், ஒருநாள் இணைப்பு அறுந்தபோது யாரிடம் செல்வர்? அந்நியனிடமிருந்த திறவுகோலை வாங்கி நம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு போவது வீட்டுக்கு விடுதலையாகுமா? ஆதலால் கடவுச்சொல், மாதிரி, பதிப்பு எண், பழைய நிலைக்கு மீட்கும் முறை ஆகியவற்றை ஒரு கொப்பியில் தெளிந்த தமிழில் எழுதி, வீட்டில் ஒருவரையாவது அருகிருத்திச் செய்து பழக்குவோமாக. அமைப்புகளின் பிரதியொன்றையும் எடுத்து வைப்போமாக. வீட்டார் கையில் விளங்கும் திறவுகோலே வீட்டின் திறவுகோல் ஆகும்.