அப்புச்சி, அம்மாயி, அஞ்சு நாள் வேல்ஸ்

இன்னைக்கு டெக் எதுவும் கிடையாது. எங்க அப்புச்சியையும் அம்மாயியையும் ஜூன் மாசம் வேல்ஸுக்குக் கூட்டிட்டுப் போன கதை. கொங்குப் பக்கம் இல்லாதவங்களுக்காகச் சொல்லிடுறேன்: அப்புச்சின்னா அம்மாவோட அப்பா, அம்மாயின்னா அம்மாவோட அம்மா. அவருக்கு 78, அவங்களுக்கு 72. நான் மூணு வருஷமா மான்செஸ்டர்ல வேலை பார்க்கிறேன். அம்மா அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு இங்க வந்தாங்க. விசா, இன்ஷூரன்ஸ், பிரஷர் மாத்திரைக்கு டாக்டர் லெட்டர், அதெல்லாம் தனி எபிசோடுக்கான விஷயம், விட்டுடுறேன்.

மான்செஸ்டர்ல இருந்து வடக்கு வேல்ஸ் ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துடும். கோட்டைகள் அங்க கொட்டிக் கிடக்கு. நான் என்ன பண்ணினேன்? ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். அஞ்சு நாள், ஒன்பது கோட்டை. ஒவ்வொண்ணுக்கும் டிரைவிங் டைம், பார்க்கிங், டிக்கெட் எல்லாம் இருந்துச்சு. டாய்லெட்டுக்கு மட்டும் காலம் கிடையாது. வயசானவங்களோட ஒரு தடவை பயணம் போனவங்களுக்கு இப்பவே சிரிப்பு வந்திருக்கும்.

முதல்ல கான்வி. 1282-83ல இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் வேல்ஸை ஜெயிச்ச கையோட கட்ட ஆரம்பிச்ச கோட்டை. 1283ல ஆரம்பிச்சு நாலு வருஷத்துல முடிச்சுட்டாங்க. செலவு அந்தக் காலத்து 15,000 பவுண்டு. எட்டு பெரிய கோபுரம், ஊரைச் சுத்தி ஒண்ணேகால் கிலோமீட்டருக்கு மதில். கடலோரமா கட்டினது கணக்கோடதான். உள்நாட்டுல வேல்ஸ்காரங்க வழியை அடைச்சாலும் கப்பல்ல சாப்பாடு வந்துடும்.

நான் இதையெல்லாம் கைடு மாதிரி சொல்லிட்டே கோபுரப் படியில ஏறிட்டேன். சுழல் படி, குறுகலா இருக்கும், பிடிச்சுக்க ஒரு கயிறு. மேல போய்த் திரும்பிப் பார்த்தா யாரும் இல்லை. கீழே புல்வெளியில ஒரு கல்லு மேல அப்புச்சி உட்கார்ந்திருந்தார். முட்டி வலி. அம்மாயி ஃபிளாஸ்க் மூடியில டீ ஊத்திக் கொடுத்துட்டு இருந்தாங்க. மேல இருந்து நான் கை காட்டினேன், அவங்களும் காட்டினாங்க. கீழே இறங்கினதும் அப்புச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதுக்கு முன்னால இங்க என்ன கண்ணு இருந்துச்சு?"

போர்டைப் படிச்சுச் சொன்னேன். ஒரு மடம் இருந்துச்சு. வேல்ஸ்காரங்களோட பெரிய தலைவர் லவெலினைப் புதைச்சது அந்த மடத்துலதான். எட்வர்ட் அந்த மடத்தையே எடுத்து, ஆத்தோரமா உள்ளே தள்ளி வேற இடத்துல வச்சுட்டார். "சாமியாருங்களையே கிளப்பிட்டானா"ன்னார் அப்புச்சி. அதோட பேச்சு முடிஞ்சுது.

ரெண்டாம் நாள் கேர்நார்வன். சக்கர நாற்காலியோட வர்றவங்களும் மேல போகட்டும்னு 2023ல அங்க லிஃப்ட் வச்சுத் திறந்திருக்காங்க. தாத்தா பாட்டியைக் கூட்டிட்டுப் போறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க. அப்புச்சி மேல நின்னு கடலைப் பார்த்தார். எனக்கு ஒரே பெருமை. அதே வேகத்துல மத்தியானம் இன்னொரு கோட்டை, சாயங்காலம் ஒண்ணுன்னு ஓட்டினேன். மூணாவது கோட்டை கார் பார்க்கிங்ல அம்மாயி இறங்க மாட்டேன்னுட்டாங்க. ரெண்டு மணி நேரமா பாத்ரூம் போகணும்னு சொல்லக் கூச்சப்பட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க. அம்மா என்னைத் திட்ட, நான் "உங்களுக்காகத்தானே இவ்வளவு பிளான் பண்ணினேன்"னு கத்திட்டேன். அப்புச்சி கத்தலை. "நீ எங்களைக் கூட்டிட்டு வரல சாமி, ஓட்டிட்டு வர்ற"ன்னார். ஆட்டை ஓட்டிட்டு வர்ற மாதிரின்னு அர்த்தம்.

அன்னைக்கு ராத்திரி ஸ்ப்ரெட்ஷீட்டை டெலீட் பண்ணினேன்னு சொன்னா நல்லா இருக்கும். இல்லை, அஞ்சு கோட்டையை மட்டும் வெட்டினேன்.

மூணாம் நாள் சும்மா இருந்தோம். சமையலறையோட ஒரு காட்டேஜ் எடுத்திருந்தோம், இந்த டிரிப்ல நான் உருப்படியா பண்ணின காரியம் அதுதான். அம்மாயி அரிசிம்பருப்பு சாதம் செஞ்சாங்க. ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம். ரெண்டு பேரும் வேலியோரமா நின்னு ஆடு பார்த்தாங்க. ஆட்டு முதுகுல நீலமும் சிவப்புமா சாயம். யாரோட ஆடுன்னு தெரியறதுக்குன்னு நான் விளக்க ஆரம்பிச்சதும் அம்மாயி சிரிச்சாங்க. "இதை எனக்குச் சொல்லித் தர்றியா? ஆள் இல்லாம எப்படி மேய்க்கிறாங்க, அதைச் சொல்லு."

நாலாம் நாள்தான் நான் இந்த எபிசோட் பண்றதுக்குக் காரணம். பாலாங்கிற ஊருக்குப் போயிட்டிருந்தோம். வழியில ஒரு சுவர்ல சிவப்பு அடிச்சு வெள்ளையில ரெண்டே வார்த்தை. இதே வார்த்தையை முன்னாடியும் ரெண்டு இடத்துல பார்த்திருந்தோம். "என்ன கட்சி அது?"ன்னு அப்புச்சி கேட்டார். வண்டியை ஓரம் கட்டிட்டுத் தேடினேன். 'கோவ்யூஹ் ட்ரவெரின்'. வேல்ஸ் மொழியில 'ட்ரவெரினை நினைவுல வை'ன்னு அர்த்தம். 1960கள்ல யாரோ ஒரு இடிஞ்ச சுவர்ல எழுதினது, 2019ல அதை நாசம் பண்ணினதும் நாடு முழுக்க ஜனங்க அதே மாதிரி எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

ட்ரவெரின்ங்கிறது ஒரு ஆத்துப் பள்ளத்தாக்கு. அங்க கப்பெல் கெலின்னு ஒரு சின்ன கிராமம் இருந்துச்சு. ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், ஒரு போஸ்ட் ஆபீஸ், கொஞ்சம் வீடு, பண்ணைகள். எல்லாரும் வேல்ஸ் மொழி பேசினவங்க. இங்கிலாந்துல இருக்கிற லிவர்பூலுக்குத் தண்ணி வேணும்னு 1957ல லண்டன் பார்லிமென்ட்ல சட்டம் போட்டாங்க. வேல்ஸ் எம்.பி.க்கள்ல ஒருத்தர்கூட ஆதரிச்சு ஓட்டுப் போடலை, ஆனாலும் சட்டம் வந்துச்சு. 1965ல அணை திறந்தாச்சு. அங்க இருந்த 67 பேர்ல 48 பேருக்கு வீடு போச்சு. இதுல என்னோட இன்ஜினியர் மூளைக்குப் பிடிச்ச விஷயம், ஏரியில இருந்து லிவர்பூலுக்கு நேரா குழாயே கிடையாது. தண்ணியை ஆத்துல திறந்து விட்டு, ரொம்ப தூரம் கீழே போய் எடுத்துக்கிறாங்க.

இதை நான் சுவாரஸ்யமா சொல்லிட்டே வர்றேன், பின்னாடி சத்தமே இல்லை. ரோடு அந்த ஏரிக்கரையிலேயே போகுது. "நிறுத்து கண்ணு"ன்னார். இந்தப் பயணத்துல அவரா கேட்டு நிறுத்தின முதல் இடம்.

கரையில ஒரு நினைவுச் சின்னம், சின்ன சர்ச் மாதிரி. பழைய இடுகாட்டுல இருந்து எடுத்துட்டு வந்த கல்லறைக் கல்லுங்க அங்க இருக்கு. சிலரோட உடலைத் தோண்டி வேற இடத்துல புதைச்சாங்க, மத்தவங்க தண்ணிக்கு அடியிலேயே இருக்காங்க. அப்புச்சி அதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் தண்ணியையே பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"என்ற ஊரும் இப்படித்தான்."

பவானிசாகர் அணை 1948ல ஆரம்பிச்சு 1955ல முடிஞ்சுது. மோயாறும் பவானியும் சேர்ற இடம். அங்க டணாயக்கன் கோட்டைன்னு ஒரு கோட்டையும் கோயிலும் முழுகிப் போச்சு. தண்ணி ரொம்ப இறங்கினா கோயில் வெளியே தெரியுதுன்னு நியூஸ்ல வரும். அந்தக் கோட்டைக்குப் பக்கத்துலதான் அப்புச்சியோட ஊர் இருந்திருக்கு. கிளம்பும்போது அவருக்கு ஏழெட்டு வயசு.

எனக்கு இது தெரியாது. அம்மாவுக்கு அரைகுறையாத்தான் தெரியும். ஒவ்வொரு மே மாசமும் எங்களை அணைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஊஞ்சல், மீன் வறுவல். அப்புச்சி கேட்டுக்கு வெளியே கார்லயே இருப்பார். முட்டி வலின்னு சொல்வார். அப்ப அவருக்கு அறுபதுகூட இல்லை.

ஏரிக்கரையில அம்மாயி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சாங்க. அப்புச்சி வாழ்க்கையில நான் கேட்காத அளவுக்குப் பேசினார். வண்டி கட்டி உத்திரம், ஓடு எல்லாம் ஏத்தினது, அவரோட அப்பா கடைசியா வாசக்காலைப் பிடுங்கினது. "நீ சின்னதுல நின்னு உசரம் அளந்து கோடு போடுவியே, அந்த வாசக்கால்தான்." கோபமா சொல்லலை. "தண்ணி வந்து கீழ்பவானியில ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல பாயுது. நம்ம மஞ்சக் காடும் அதுலதான் விளைஞ்சுது. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

எனக்குப் பதில் வரலை. நான் மான்செஸ்டர்ல தினமும் குடிக்கிற தண்ணிக்கும் ஒரு கதை இருக்கு. ஊர் குடிக்கணும்னு 1930கள்ல ஹாஸ்வாட்டர் ஏரியில மார்டேல்ங்கிற கிராமத்தை முழுக விட்டாங்க. அதை அப்ப சொல்லலை. 2005ல லிவர்பூல் கவுன்சில் கப்பெல் கெலினுக்காக மன்னிப்புக் கேட்டுச்சுன்னு மட்டும் சொன்னேன்.

"கேட்கறதுக்கு ஆளுங்க இருந்தாங்களா?"

"இருந்தாங்க அப்புச்சி. அப்ப ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்க."

"என்னைவிடச் சின்னவங்களா இருப்பாங்க"ன்னார்.

அஞ்சாம் நாள் கோட்டை எதுவும் பார்க்கலை, நேரா வீடு.

இந்த எபிசோட்ல அவரையே பேச வைக்கலாம்னு கேட்டேன், முடியாதுன்னுட்டார். ஆனா போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. காலண்டர் தாளோட பின்பக்கம், பால்பாயிண்ட்ல ரெண்டு தெரு, ஒரு கிணறு, ஒரு வேப்ப மரம். பதினேழு வீடு. பதினாறுல பேர் எழுதியிருக்கார், கிணத்துக்குப் பக்கத்து வீட்டுல மட்டும் கேள்விக்குறி. அம்மாயி சொல்றாங்க, அந்த வீட்டுக்காரங்க யாருன்னு காலையில இருந்து ஊர் ஊரா போன் போட்டுக் கேட்டுட்டு இருக்காராம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே.