தாத்தா காரை உடைக்கத்தான் வேணுமா?



போன வருஷம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஷெட்டில் எப்பவும் நிற்கிற ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் காணோம். அவங்க அப்பா 1968-ல் வாங்கியது, நம்ம சென்னையிலேயே தயாரான வண்டி. "15 வருஷம் தாண்டினா பிடிச்சு உடைச்சிடுவாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. அதான் காயலான் கடையில போட்டுட்டேன்" என்றார். எனக்கு மனசே ஆறலை. அந்த வண்டியை வைத்துக்கொள்ளச் சட்டத்திலேயே வழி இருந்தது.

முதல்ல அந்த 15 வருஷக் கதை. பெட்ரோல் வண்டிக்கு 15, டீசலுக்கு 10 என்ற தடை டெல்லி வட்டாரத்துக்காக வந்தது. அரசு வாகனங்களுக்கு 15 ஆண்டுக்குமேல் பதிவு கிடையாது என்பது வேறு விதி, 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கு. உங்க சொந்தக் காருக்கு இரண்டும் பொருந்தாது. 15 ஆண்டில் முடிவது பதிவுக் காலம் மட்டுமே. ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஓட்டத் தகுதி இருந்தால் 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். அது முடிந்தால் மறுபடியும். கட்டணம்தான் கொஞ்சம் கடிக்கும். 2022-ல் காருக்கு 5,000 ரூபாய் ஆக்கினாங்க. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய விதி, 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 என்கிறது. பசுமை வரி தனி.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி என்றால் இன்னொரு வழி உண்டு. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதி அது. புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000, பத்து ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி, எம்.எஸ். என்று தொடங்கும் அந்தப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆசைப்படுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனா அவசரப்படாதீங்க. விண்டேஜ் பதிவு வாங்கிட்டா தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிக்க, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட கோயிலுக்குப் போற அம்பாசிடரா? சாதாரணப் பதிவைப் புதுப்பிச்சுக்கிட்டே வர்றதுதான் உங்களுக்குச் சரி. இன்னொன்று, சேசிஸ், பாடி, இன்ஜின் மூணும் பெரிசா மாறாமல் இருக்கணும். மைலேஜுக்காக டீசல் இன்ஜின் மாற்றின அம்பாசிடர்கள் இங்கேதான் மாட்டும்.

நடுவில் நிற்கிற பத்மினி, கான்டெசா, ஆரம்பகால மாருதி 800-க்குத்தான் பாவம். 50 ஆகலை, அதனால் தனிச் சலுகை எதுவும் இல்லை. என்னைக் கேட்டா, 30 வயதைத் தாண்டிய, நல்லா வைத்திருக்கிற வண்டிக்கும் ஒரு வகை வேணும். இப்போதைக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்புதான்.

புகைச் சோதனைக்குப் பலரும் பயப்படறாங்க. உங்க 1985 காரை யாரும் பிஎஸ்-6 அளவில் அளக்கப் போறதில்லை. பழைய பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் வரை அனுமதி. கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணி, ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் மாற்றி, இன்ஜின் சூடான பிறகு போனால் பெரும்பாலும் தேறிடும். சோக்கை இழுத்து விட்டபடியே போய் நின்று தோற்றவர்களை நான் பார்த்திருக்கேன்! சான்று 6 மாதம்தான் செல்லும், ஞாபகம் இருக்கட்டும்.

உண்மையிலேயே உடைக்கத்தான் வேணும்னா, பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்து, ஒப்படைப்புச் சான்று வாங்கி, ஆர்சியை ரத்து பண்ணுங்க. காயலான் கடையில் போட்டால் வண்டி போயிடும், பதிவு உங்க பேரிலேயே கிடக்கும்.

இப்போ போனில் எம்பரிவாஹன் செயலியைத் திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்க. பதிவு, காப்பீடு, புகைச் சான்று மூன்றும் என்றைக்கு முடியுதுன்னு தெரியும். விவரமே வரலையா? கையால் எழுதின பழைய ஆர்சி புத்தகமா இருக்கும். அதை எடுத்துக்கிட்டு உங்க ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய், கணினியில் ஏற்றச் சொல்லிக் கேளுங்க. மற்ற வேலையெல்லாம் அதுக்கு அப்புறம்தான் நகரும்.